ரத்தநாள அறுவை மருத்துவம்: தோட்டப் பட்டணத்துப் பிள்ளைக்கு எந்தப் பயிற்சி, எந்த ஃபெலோஷிப்?

பேராக்கின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில் கால் விரலையோ காலையோ இழந்த ஒருவர் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். பெருவிரலில் சின்னக் கொப்புளம். செருப்பு கடித்துவிட்டது என்று மஞ்சள் வைப்பார்கள். இனிப்பு நீர் (நீரிழிவு) முற்றியவருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும் என்பதால் வலி எச்சரிக்கை செய்வதில்லை. மாவட்ட மருத்துவமனைக்குப் போகும்போது விரல் கறுத்திருக்கும். அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஈப்போவுக்கு அனுப்புவார்கள். அதற்குப் பிறகு வீட்டில் பேசுவதெல்லாம் எதுவரை வெட்டப் போகிறார்கள் என்பதைப் பற்றித்தான்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் அது 31.4 சதவீதம். 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 சதவீதமாக இறங்கியது. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக இனிப்பு நீரோடு வாழ்ந்தவர்களின் கால் தமனிகளில் படிந்த சுண்ணாம்பு இந்த இறக்கத்தால் கரைந்துவிடாது. அந்தக் கால்கள் இனிமேல்தான் மருத்துவமனைக்கு வரப் போகின்றன.

அவற்றைக் காப்பாற்றக் கூடியவர் ரத்தநாள அறுவை மருத்துவர். நம் ஊரில் இந்தத் துறை இருப்பதே பலருக்குத் தெரியாது. நிபுணர்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர். 2008 முதல் 2018 வரை சுங்கை சிப்புட் தொகுதியை நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்துவம் செய்த டாக்டர் ஜெயகுமார் தேவராஜ் நுரையீரல் நோய் நிபுணர்தான். ஆனாலும் "டாக்டருக்குப் படிக்கிறேன்" என்று சொல்லும் பிள்ளையிடம் நாம் அடுத்துக் கேட்பது இருதயமா, மூளையா என்பதுதான். இந்த இரண்டுக்கும் வெளியே உள்ள ரத்தக் குழாய்கள் எல்லாம் ரத்தநாள அறுவை மருத்துவரின் களம். மூளைக்குப் போகும் கழுத்துத் தமனி, வயிற்றுக்குள் இறங்கும் பெருந்தமனி, கை கால்களின் தமனிகளும் சிரைகளும் அவர் பார்ப்பவை. விபத்தில் அறுந்த தமனியை இணைப்பவரும் அவரே. சிறுநீரகம் கெட்டவருக்கு ரத்தச் சுத்திகரிப்புக்காகக் கையில் தமனியையும் சிரையையும் சேர்த்து ஃபிஸ்டுலா அமைக்கும் வேலையும் பெரும்பாலும் அவரிடமே வருகிறது. மலேசியாவில் 50,000க்கும் மேற்பட்டோர் சுத்திகரிப்பை நம்பி வாழ்கிறார்கள் என்பதை வைத்துப் பார்த்தால், இந்த ஒரு வேலை மட்டுமே எவ்வளவு பெரியது என்று புரியும்.

பயிற்சி ஏன் இவ்வளவு நீளம் என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வரலாறு வேண்டும். 1894இல் பிரெஞ்சு அதிபர் சாடி கார்னோ லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டார். கல்லீரலுக்குப் போகும் பெரிய சிரை அறுந்திருந்தது. அதைத் தைக்கும் வித்தை அன்று எவருக்கும் கைவரவில்லை, அதிபர் இறந்தார். அதே நகரில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த அலெக்சிஸ் காரெல் இதை மனத்தில் வைத்துக்கொண்டு, லியோனின் பூத்தையல் கலைஞர் ஒருவரிடம் மெல்லிய ஊசியும் பட்டு நூலும் கையாளக் கற்றார். அறுந்த குழாயின் வாயை மூன்று இடங்களில் இழுத்துப் பிடித்து முக்கோணமாக்கித் தைக்கும் முறையை 1902இல் வெளியிட்டார். 1912இல் நோபல் பரிசு வந்தது. இன்றைக்கும் இந்தத் துறையில் நுழைபவர் முதலில் பழகுவது அந்தத் தையலின் வழிவந்த வேலையைத்தான்.

இரண்டாவது திருப்பம் அறுவை மருத்துவரிடமிருந்து வரவில்லை. 1964 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டில் சார்ல்ஸ் டாட்டர் என்ற கதிரியக்க மருத்துவர், காலை எடுக்கச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டி ஒருவரின் அடைபட்ட தொடைத் தமனிக்குள் கம்பியையும் குழலையும் செலுத்தி வழி திறந்தார். கால் பிழைத்தது. 1990இல் புவெனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி, வீங்கிய பெருந்தமனிக்குள் வயிற்றைப் பிளக்காமலே துணிக் குழாயை ஏற்றி நிறுத்தினார். இப்படித்தான் இந்தத் துறை இரண்டு கைத்தொழில்களின் கூட்டாயிற்று. ஒரு பக்கம் திறந்து தைக்கும் அறுவை. இன்னொரு பக்கம் எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி கம்பி, பலூன், குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் ஆகியவற்றைக் கொண்டு உள்ளிருந்தே சரிசெய்யும் எண்டோவாஸ்குலர் முறை.

எது சிறந்தது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 1,830 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2022இல் வெளியான பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வு, தொடையில் நல்ல சிரை இருப்பவருக்கு அந்தச் சிரையைக் கொண்டு அடைப்பைத் தாண்டி மாற்று வழி அமைக்கும் பைபாஸ் மேல் என்றது. 2023இல் வெளியான பாசில்-2 ஆய்வில் 345 பேர் சேர்க்கப்பட்டிருந்தனர். முழங்காலுக்குக் கீழ் அடைப்பு உள்ளவர்களுக்கு முதலில் பலூன் வழியே நல்லது என்று அது நேர் எதிராகச் சொன்னது. இரண்டும் நன்கு நடத்தப்பட்ட ஆய்வுகள். நோயாளிகள் வேறு, அடைப்பு இருந்த இடம் வேறு, செய்தவர்களின் கைப்பழக்கமும் வேறு. பயிற்சி தேடும் இளைஞருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஒரு முறையை மட்டும் கற்றுக்கொண்டு வருபவர், வந்த நோயாளிக்கெல்லாம் அந்த ஒன்றையே செய்வார். இரண்டும் கற்றவரால்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

இனி நம் நாட்டுப் பாதை. மருத்துவப் பட்டம் 5 ஆண்டு. அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காத தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்குக் கெடாவில் பீடோங்கை அடுத்த செமெலிங்கில் உள்ள ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் வழிவிட்டிருக்கிறது. இந்தியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் போனவர்களும் உண்டு. எங்கே படித்தாலும், அந்தப் பட்டத்தை மலேசிய மருத்துவ மன்றம் ஏற்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பிறகு 2 ஆண்டு ஹவுஸ்மேன் பயிற்சி. பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை நலம், எலும்பு முதலியவற்றில் துறைக்கு 4 மாதமாகச் சுற்ற வேண்டும். அதற்குப் பின் மருத்துவ அதிகாரியாக அரசுப் பணி.

அடுத்த படிதான் முக்கியம். மலேசியாவில் ரத்தநாள அறுவை மருத்துவராக விரும்புபவர் முதலில் பொது அறுவை மருத்துவராக வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம், அறிவியல் பல்கலைக்கழகம் போன்றவை நடத்தும் 4 ஆண்டு மாஸ்டர்ஸ் படிப்பு ஒரு வழி. பிரிட்டனின் அரச அறுவை மருத்துவக் கல்லூரிகளின் தேர்வுகளை எழுதிக்கொண்டே இங்குள்ள மருத்துவமனைகளில் பயிற்சி பெறும் இணைப் பாதை மற்றொன்று. இணைப் பாதையில் தேறிய இருதய அறுவை நிபுணர்கள் சிலரின் பதிவு தேசிய நிபுணர் பதிவேட்டில் ஏற்கப்படாமல் எழுந்த சர்ச்சை பலருக்கு நினைவிருக்கும். அதையொட்டி 2024 ஜூலையில் மக்களவை மருத்துவச் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. அந்தப் பாதைக்குச் சட்டத்தின் காப்பு வந்தது அதற்குப் பிறகுதான். ஆனாலும் ஒவ்வொரு துறையின் பட்டமும் தனித்தனியே பார்க்கப்படும் என்பதால், மன்றத்தின் பட்டியலை நேரடியாகப் பார்த்துவிடுவதே புத்திசாலித்தனம். தரகர் சொல்வதையும் வாட்ஸ்அப்பில் சுற்றுவதையும் நம்பிப் பல ஆண்டுகளைப் பந்தயம் கட்டக் கூடாது.

பொது அறுவை நிபுணரான பிறகு ரத்தநாளத் துணைத்துறைப் பயிற்சி. இதைச் சுகாதார அமைச்சின் கீழ் உள்ள மையங்களில் பெறலாம். கோலாலம்பூர் மருத்துவமனை அவற்றில் மூத்தது. மூன்றாண்டுக்குக் குறையாத இந்தக் காலத்தின் ஒரு பகுதியை வெளிநாட்டு மையமொன்றில் கழிக்க வாய்ப்புண்டு. பலர் நினைப்பதுபோல் ஃபெலோஷிப் என்ற மேற்பயிற்சி பட்டம் வாங்கியதும் விமானம் ஏறுவது அன்று. அது இந்த நீண்ட வரிசையின் கடைசிப் படிகளில் ஒன்று. கூட்டிப் பார்த்தால் எல்லாம் தடையின்றி நடந்தாலும் வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். பலருக்கு நாற்பதை நெருங்கும்.

எல்லாம் தடையின்றி நடப்பதும் இல்லை. 2016 டிசம்பரில் ஒப்பந்த முறை வந்த பிறகு, நிரந்தரப் பணி இல்லாத இளம் மருத்துவர்கள் நிபுணத்துவப் படிப்புக்கும் அதற்கான அரசு உதவிக்கும் வழியின்றித் தவித்தார்கள். 2021 ஜூலை 26 அன்று நாடெங்கும் ஒப்பந்த மருத்துவர்கள் வேலையை விட்டு வெளியே வந்து நின்றது சம்பளத்துக்காக மட்டும் அல்ல. அதற்குப் பிறகு கதவுகள் கொஞ்சம் திறந்தன. இருந்தாலும் என் கணிப்பில், நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் லண்டனோ ஹூஸ்டனோ அல்ல. பொது அறுவைப் பயிற்சியில் இடம் பிடிக்கும் அந்த ஒற்றை வாசல்தான். நுழைவுத் தேர்வுக்குத் தயாராவது, அறுவைப் பிரிவிலேயே மருத்துவ அதிகாரி பணியைக் கேட்டு வாங்குவது, செய்த அறுவைகளை நாள் தவறாமல் பதிவேட்டில் எழுதிவைப்பது ஆகிய சலிப்பூட்டும் வேலைகள்தான் அந்த வாசலைத் திறக்கின்றன.

வெளிநாட்டு முறைகள் நம்முடையதிலிருந்து வேறுபட்டவை. அமெரிக்காவில் 2006 முதல் ரத்தநாள அறுவைக்குத் தனி முதன்மைச் சான்றிதழ் உண்டு. பொது அறுவை 5 ஆண்டு முடித்து 2 ஆண்டு ஃபெலோஷிப் செய்வது பழைய வழி; பட்டம் முடித்ததும் நேராக 5 ஆண்டு ரத்தநாளப் பயிற்சியில் சேர்வது புதிய வழி. வெளிநாட்டுப் பட்டதாரி அமெரிக்க மருத்துவ உரிமத்துக்கான யுஎஸ்எம்எல்இ தேர்வுகளை எழுதி, நாடு தழுவிய ஒதுக்கீட்டில் போட்டியிட வேண்டும். அந்த 2 ஆண்டு ஃபெலோஷிப்புக்கு வழக்கமாக வட அமெரிக்காவிலேயே பொது அறுவைப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பதைப் பலர் விண்ணப்பிக்கும்போதுதான் அறிகிறார்கள். ஜே-1 விசாவில் பயிற்சிக்குப் போனால் சொந்த நாட்டுச் சுகாதார அமைச்சின் கடிதம் வேண்டும். முடித்ததும் 2 ஆண்டு ஊர் திரும்பி இருக்க வேண்டும் என்பதும் விதி. விலக்குப் பெற வழிகள் உண்டு என்றாலும் அவற்றை நம்பிக் கிளம்ப முடியாது.

பிரிட்டனில் 2012இல் ரத்தநாள அறுவை பொது அறுவையிலிருந்து பிரிந்து தனித்துறையானது. அங்குள்ள அரச அறுவை மருத்துவக் கல்லூரிகளின் எம்ஆர்சிஎஸ் தேர்வில் தேறியவர் வேறு நுழைவுத் தேர்வின்றியே, ஆங்கிலத் தேர்வோடு, அங்கே பதிவு கோரலாம். முழுப் பயிற்சி இடங்களுக்குப் போட்டி கடுமை. உள்நாட்டுப் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை தரும் போக்கும் அங்கே வலுத்துவிட்டது. அதிகபட்சம் 24 மாதம் சம்பளத்தோடு பயிற்சி பெற்றுத் திரும்பும் எம்டிஐ திட்டம் ஒன்று உண்டு. ஆனால் அது வருமானம் குறைந்த நாடுகளுக்கு முதலிடம் கொடுக்கிறது. மலேசியா அந்தப் பட்டியலில் இல்லை என்பதில் பெருமைப்படலாம். விண்ணப்பதாரருக்கு அதனால் லாபம் ஒன்றும் இல்லை.

ஆஸ்திரேலியாவில் தனித்துறைப் பயிற்சி 5 ஆண்டு. ஏற்கெனவே நிபுணரானவர்களுக்கோ அங்கே குறுகிய காலப் பயிற்சிப் பதிவு என்ற வழி இருக்கிறது. மருத்துவமனைகள் சம்பளம் கொடுத்து வெளிநாட்டு ஃபெலோக்களை எடுக்கின்றன. நம் நிபுணர்களுக்கு நடைமுறையில் நன்றாகப் பொருந்துவது இது என்று தோன்றுகிறது. சிங்கப்பூரிலும் தற்காலிகப் பதிவோடு ஃபெலோவாகப் பணியாற்ற வழி உண்டு; வீட்டில் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் அன்று மாலையே கிளம்பி வரக்கூடிய தூரம். ஐரோப்பிய ரத்தநாள வாரியத்தின் எஃப்இபிவிஎஸ் தேர்வு தகுதிக்கு மதிப்புச் சேர்க்கும். அதுவே எந்த நாட்டிலும் தொழில் செய்யும் உரிமத்தைத் தந்துவிடாது. சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர் சிஎம்சியிலும் ரத்தநாள அறுவைக்கென்றே துறைகள் உண்டு. அங்கு வரும் நோயாளிகளின் கால்கள் நம் ஊர்க் கால்களைப் போலவே இனிப்பு நீரால் கெட்டவை. நோயாளியோடு தமிழில் பேசலாம் என்பது கூடுதல் வசதி.

இவற்றுக்கிடையே ஒரு பொறி இருக்கிறது. நோயாளியைத் தொட அனுமதி இல்லாமல் ஓரமாக நின்று பார்ப்பது ஒன்று. உரிமம் பெற்று, இரவுப் பணி பார்த்து, மூத்தவர் எதிரே நிற்க அறுவையைத் தன் கையால் செய்வது வேறொன்று. இரண்டின் சான்றிதழும் தங்க எழுத்தில்தான் இருக்கும். முதல் வகைக்குப் பல இடங்களில் நாமே பணம் கட்ட வேண்டும். பெயருள்ள மையத்தில் மூன்று மாதம் பார்வையாளராக இருப்பதில் தவறில்லை. ஒரு துறை எப்படி இயங்குகிறது என்று அறியலாம், அறிமுகங்கள் கிடைக்கும். ஆனால் வீட்டை அடமானம் வைத்துப் போக வேண்டிய விஷயம் அல்ல அது. அழைப்புக் கடிதம் வந்ததும் கேட்க வேண்டியவை சில. எந்த வகைப் பதிவு தருவீர்கள்? கடந்த ஆண்டு இருந்த ஃபெலோ தன் கையால் எத்தனை பைபாஸ் செய்தார், பலூன் கொண்டு அடைப்பைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி எத்தனை செய்தார்? அவருடைய தொடர்பு கிடைக்குமா? நல்ல மையம் இவற்றுக்கு எண்களோடு பதில் எழுதும். மழுப்பினால் அதுவே பதில்.

மையத்தின் பெயரைவிட அங்கே வரும் நோயைப் பார்க்க வேண்டும் என்பதே நான் பெற்றோரிடம் மீண்டும் மீண்டும் சொல்வது. மேலை நாட்டின் புகழ்பெற்ற மையங்கள் பலவற்றுக்குப் பெயர் வாங்கித் தந்தது பெருந்தமனி வீக்கம். விலையுயர்ந்த ஸ்டென்ட் குழாய்கள், அதிநவீன அறுவை அறை, உலக மாநாடுகளில் காட்டத்தக்க படங்கள். பேராக்கிலிருந்து வரும் நோயாளிகளின் சிக்கலோ பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே, பென்சில் முனையளவுத் தமனிகளில், சுண்ணாம்பு ஏறிய சுவர்களில் இருக்கிறது. பாதத்துத் தமனி வரை சிரையைக் கொண்டு பைபாஸ் தைப்பதும், கணுக்காலுக்குக் கீழ் பலூன் செலுத்துவதும், வேலை செய்யாமல் போன ஃபிஸ்டுலாவை மீட்பதும் வேறு வகைக் கைப்பழக்கம். பெருந்தமனியில் மட்டும் தேர்ந்து திரும்புபவர், காலையில் தன் கிளினிக்குக்கு வெளியே சக்கர நாற்காலியில் காத்திருப்பவர்களுக்கு எதுவும் புதிதாகச் செய்ய மாட்டார். ரத்தநாள அறுவை, பாத மருத்துவம், நீரிழிவு மருத்துவம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இயங்கும் கால் காப்பு மையமாகத் தேடிப் போகலாம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. மாஸ்டர்ஸுக்கும் துணைத்துறைக்கும் அரசு ஊழியரான மருத்துவருக்குக் கூட்டரசுப் பயிற்சி உபகாரச் சம்பளம் உண்டு. சம்பளத்தோடு படிக்கலாம், பதிலுக்குக் குறிப்பிட்ட ஆண்டுகள் அரசுப் பணியில் இருக்க ஒப்பந்தம். தனியார் மருத்துவமனை சம்பளத்தைக் கணக்குப் போடும் வீடுகளுக்கு இந்த ஒப்பந்தம் கசக்கும். என்னைக் கேட்டால், சிக்கலான நோயாளிகள் குவிவது அரசு மருத்துவமனையில்தான். புதிய நிபுணரின் கை முதிர்வது அந்த ஆண்டுகளில்தான்.

இப்போது ஹவுஸ்மேனாக இருப்பவரோ மருத்துவ மாணவரோ ஃபெலோஷிப்புக்காகக் காத்திராமல் கற்கக் கூடியவை நிறைய உண்டு. கோழித் தொடையின் மெல்லிய குழாய்களிலும் கையுறை விரல்களிலும் தையல் பழகலாம். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டூப்ளெக்ஸ் அல்ட்ராசவுண்டைக் கையில் எடுக்கலாம். சிறுநீரகம் கெட்டுவரும் நோயாளியின் முன்கைச் சிரையில் ஊசி குத்தாமல் புறங்கையில் குத்தப் பழகலாம்; நாளைக்கு ஃபிஸ்டுலா அமைக்க அந்தச் சிரைதான் வேண்டும். 1966இல் நியூயார்க்கில் மணிக்கட்டு ஃபிஸ்டுலா அறிமுகமானதிலிருந்து சொல்லிவரும் விதிதான் இது. இன்னும் வார்டுகளில் தினமும் மீறப்படுகிறது.

பயிற்சி முடித்துத் திரும்புபவருக்குச் சுங்கை சிப்புட்டில் நாற்காலி இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆஞ்சியோகிராம் அறை, தீவிர சிகிச்சைப் பிரிவு, ரத்த வங்கி, இரவில் கூப்பிட்டால் வரும் மயக்க மருத்துவர் ஆகியவை இல்லாத இடத்தில் இந்த நிபுணரால் வேலை செய்ய முடியாது. அவர் ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ பினாங்கிலோ இருப்பார். ஊரிலிருந்து அவரிடம் நோயாளியின் கால் நேரத்தோடு போய்ச் சேர்கிறதா என்பது மாவட்ட மருத்துவமனையின் மருத்துவ அதிகாரியையும் தாதியையும் பொறுத்தது. ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்க உதவும் கையடக்க டாப்ளர் கருவியும் ரத்த அழுத்தப் பட்டையும் கொண்டு கணுக்கால் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். அந்த விகிதம் 0.9க்குக் கீழ் இறங்கினால் அடைப்பு. இனிப்பு நீர் முற்றியவரிடம் சுண்ணாம்பேறிய தமனி அமுங்காமல் எண்ணைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். ஆகவே அவருக்குக் கால் விரலின் அழுத்தத்தை அளக்க வேண்டும். அறுவை மருத்துவராகும் எண்ணம் இல்லாத, ஆனால் இந்தத் துறையில் ஈடுபாடு உள்ள பிள்ளைகளுக்குப் பாத பராமரிப்பு, ரத்தநாள ஸ்கேன் தொழில்நுட்பம் ஆகியவற்றிலும் பயிற்சிகள் இருக்கின்றன. அவற்றுக்கு நாற்பது வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை.